மலைநாட்டு மருத்துவமும் மானிப்பாய் தந்த பாடமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இராமநாதபுரக் கரையில் தோணியேறிய தமிழ்த் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காடுகளினூடே மாத்தளையை நோக்கிக் கால்நடையாகச் சென்றனர். கோப்பித் தோட்டங்களில் வேலை உண்டு என்பதே அவர்தம் நம்பிக்கை. வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகத் தொடர்ந்தன. பலர் பாதி வழியிலேயே மாண்டனர். மலையை அடைந்தவர்க்கும் குளிரும், ஈரமும், நெருக்கமான லயக் காம்பராக்களுமே காத்திருந்தன. நோயுற்றால் மருந்து தருவார் யார் என்ற வினாவுக்கு நெடுங்காலம் விடை இருக்கவில்லை.

அதே காலத்தில், அதே தீவின் வடபுலத்தில், வேறொரு காட்சியைக் காணலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு நோயாளரைக் கவனித்ததோடு, உள்ளூர் இளைஞருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பிக்கவும் தொடங்கினார். தனியொரு வைத்தியர் எத்தனை ஊர்களுக்குத்தான் செல்ல இயலும்? ஆகவே வைத்தியரை ஊரிலேயே உருவாக்குதல் வேண்டும் என்பது அவரது துணிபு.

ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டகலக் கண்ட கிறீன், 1860களில் தமிழையே போதனாமொழி ஆக்கினார். தமிழில் பாடநூல் இல்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. மாணவர் துணையோடு கலைச்சொற்களை ஆக்கி, பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களை வெளிக்கொணர்ந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். 1873இல் தாயகம் திரும்பிய அவர், 1884இல் காலமானார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

மலைநாட்டுக்கும் மிஷனரிமார் வராமலில்லை. தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்வதற்கென 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. உபதேசிமார் தோட்டந்தோறும் சென்றனர், பள்ளிக்கூடங்களும் தோன்றின. எனினும், நோயாளரின் பிள்ளைகளையே வைத்தியராக்கும் மானிப்பாய் முயற்சி அங்கே வேரூன்றவில்லை. இதற்குக் காரணம் உண்டு. மானிப்பாய் ஓர் ஊர். தோட்டமோ பிறர் உடைமை. அங்கே வெளியார் கால்வைப்பதற்கும் துரையின் இசைவு வேண்டும். அந்தியில் களைத்து வருபவன் பிள்ளையும் விரைவில் கொழுந்துக்கூடையைத் தூக்க வேண்டியிருந்தது.

ஆகவே, மலைநாட்டிற்கு மருத்துவம் சட்டத்தின் வழியே வந்தது. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் தோட்டப் பகுதிகளில் மருத்துவ வசதி அமைக்க வழிசெய்தது. தோட்டங்களிடம் பெற்ற வரியின் துணையோடு வைத்தியசாலைகளும் மருந்துச்சாலைகளும் எழுந்தன. ஆனால் நோயாளியை அங்கே அனுப்பும் பொறுப்பு துரையின் கையில் இருந்தது. காய்ச்சல் மெய்யா, வேலைக்கஞ்சிய பாசாங்கா என்று முதலில் தீர்ப்பளித்தவர் வைத்தியரல்லர். அத்தீர்ப்புக்குப் பின்னரும் மலைப்பாதை இருந்தது. கம்பளியில் தூளி கட்டி, கழியில் மாட்டி, நோயாளியைத் தோளிற் சுமந்து மைல் கணக்காக நடக்க வேண்டும்.

கோப்பி இலைநோயால் அழிந்து தேயிலை பரவியதும் நிலைமை மாறியது. கோப்பிப் பழத்திற்குப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். ஆதலால் தொழிலாளர் குடும்பத்தோடு தங்கினர். தாயும் சேயும் மருத்துவத்தின் கவலையாயினர். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும், வைத்தியர் சான்று தந்தாலன்றி அம்மாதத்தில் வேலை வாங்கலாகாது என்று 1912ஆம் ஆண்டுச் சட்டமொன்று விதித்தது.

1916இல் மாத்தளைத் தோட்டங்களில் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. இப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழும். ஈர மண்ணில் பொரித்த குஞ்சு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் புகும். குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசியவர்கள் அவன் குடலில் இருந்த பகைவனை அறியவில்லை. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆயினும் மலசலகூடம் இல்லாத லயத்தில், குணமடைந்தவன் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயை வாங்கினான். மருந்துப் புட்டி மட்டும் போதாது, வாழுமிடமும் திருந்த வேண்டும் என்பது அதனால் விளங்கியது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. ஏனைய கிராமங்களில் அரசாங்கத்தின் இலவச மருத்துவம் விரிந்தபோது, தோட்ட மருத்துவம் பெரும்பாலும் நிருவாகத்தின் பொறுப்பிலேயே தனித்து நின்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கிய பின்னரே, அவை மெல்ல மெல்ல நாட்டின் சுகாதார சேவையோடு இணையலாயின. 2017 மே 12ஆம் நாள், அட்டனுக்கு அருகே டிக்கோயாவில், இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட மருத்துவமனை திறந்துவைக்கப்பட்டது.

கட்டடமும் கட்டிலும் வேண்டியனவே. ஆனால் மானிப்பாய் உணர்த்திய பாடம் அவற்றினும் ஆழமானது. தன் நோவைத் தன் மொழியிற் சொல்லவும், அதைக் கேட்பவர் தன்னவராய் இருக்கவும் வாய்க்கும்போதே நோயாளிக்கு மருத்துவமனை தன் ஊரினதாகிறது. கொழுந்து பறித்தவளின் மகள் அதே மலையில் வைத்தியராய் நின்று நாடி பார்க்கும்போது, லயத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே கிடந்த நெடுவழி உண்மையாகவே குறுகும்.