சார்ந்ததன் வண்ணம்

காண்பானும் காணப்படு பொருளும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பது தத்துவ நூலார் நெடுங்காலம் ஆராய்ந்த வினாவாகும்.

ஜெர்மானியத் தத்துவ ஞானி இம்மானுவேல் காண்ட் 1781 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தூய அறிவின் திறனாய்வு’ என்னும் நூலில் இதற்கு ஒரு விடை கண்டார். இடமும் காலமும் நம் காட்சியின் வடிவங்கள். காரண காரியம் முதலிய ஒழுங்குகள் அறிவு தன்பாலிருந்து தருபவை. ஆதலின் நாம் அறியும் உலகம் நம் அறிவின் அச்சில் வார்க்கப்பட்டதே என்றார். 1787 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பிலோ, புறப்பொருளை உணராதவழித் தன் காலநிலை பற்றிய தன்னுணர்வும் நிலைபெறாது என வாதிட்டார். பொருள் தன்னளவில் யாது என்பதை நாம் அறியவொண்ணாது என்பதே அவர்தம் எல்லை.

இவ்விருதிறமும் திருவிழாவிலே விளங்கக் காணலாம். எழுந்தருளும் பெருமான் ஒருவரே. எனினும் பொற்கொல்லர் அணிவேலையைக் காண்பர். சிற்பி திருமேனியின் அளவைக் காண்பர். அடியார் அருளைக் காண்பர். காண்பானுக்கேற்பக் காட்சி அமைகின்றது. அணியையே நெடிது நோக்கியவன் உள்ளம் பொன்னாசையாகவே மாறுதலும் உண்டு. அங்கே காட்சி காண்பானை ஆக்குகின்றது.

13 ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களால் ஆயது. அதன் 7 ஆம் சூத்திரத்தின் கருத்து இது: சத்தாகிய சிவத்தின்முன் அசத்தாகிய பிரபஞ்சம் விளங்கித் தோன்றாது, அசத்தோ சடமாதலின் அறியமாட்டாது, இரண்டையும் அறிவது இரண்டுமல்லாத ஆன்மாவே. ஆகலின் அது சதசத்து எனப்படும். சார்ந்ததன் வண்ணமாதல் அதன் இயல்பு. செம்மலரைச் சார்ந்த படிகம் செம்மை காட்டுவதுபோல என்க.

அங்ஙனமாயின் உயிர்மேல் குற்றம் யாது எனின், படிகத்திற்குச் சார்பைத் தேரும் அறிவில்லை, உயிர்க்கோ உண்டு. உவமை அவ்வளவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் உயிர் தானே அறியவல்லதன்று. கருவறையில் திருமேனியும் உண்டு, நம் கண்ணும் உண்டு. தீபம் ஏற்றுமளவும் காட்சி இல்லை. கண்ணுக்கு உயிர் உடனின்று காட்டுவதுபோல, உயிர்க்கு இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உதவுகின்றான் என்பது 11 ஆம் சூத்திரத்தாற் பெறப்படும். அறிவானையும் அறிபொருளையும் கூட்டுவிப்பது அத்திருவருளே.

ஆதலின் அன்பர்களே, எதைச் சார்கின்றோமோ அதுவாகின்றோம். உலகைச் சார்ந்து உலகமாயினோம். இனிச் சிவத்தைச் சார்ந்து சிவமாந்தன்மை எய்துவோமாக.

திருச்சிற்றம்பலம்.