உங்களுக்குத் தெரியுமா? காந்தமில்லாக் கூம்பும் ஒலி தரும்

காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாமல், கூம்பையும் அதைத் தாங்கும் நெகிழ்விளிம்பையும் மட்டுமே கொண்டு, பெட்டிக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் அசைந்து ஒலி தரும் உறுப்பு ‘பாஸிவ் ரேடியேட்டர்’ எனப்படுகிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர் ஹாரி ஓல்சன் இதற்கு 1935-இல் காப்புரிமை பெற்றார்.

சிறிய பெட்டியிலிருந்து 25 ஹெர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த ஒலியைப் பெறக் காற்றுக்குழாய் பொருத்தினால், அது பெட்டிக்குள் அடங்காத அளவுக்கு நீள்வதோடு, காற்று விரைந்து பாயும்போது ‘புஸ்’ என்ற இரைச்சலையும் எழுப்பக்கூடும் என்பதால், வீட்டிலேயே சப்வூஃபர் செய்வோர் பலர் இவ்வுறுப்பை நாடுகின்றனர்.

தேர்வில் முதலில் நோக்கத்தக்கது காற்றைத் தள்ளும் திறன், அதாவது கூம்பின் பரப்பை அது நகரும் தொலைவால் பெருக்கி வரும் கன அளவு. இது மின்சாரத்தால் இயங்கும் ஸ்பீக்கரின் திறனைப் போல் இரு மடங்கேனும் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 330 சதுர செ.மீ. பரப்புள்ள 10 அங்குல ஸ்பீக்கர் ஒரு திசையில் 1 செ.மீ. நகர்ந்தால் 330 கன செ.மீ. காற்றைத் தள்ளுமாதலால், அதே பரப்பும் நகர்வும் உடைய ரேடியேட்டர்கள் இரண்டு தேவைப்படும்.

அடுத்தது எடை: கூம்பின் பின்புறத் திருகாணியில் வாஷர்களைச் சேர்க்கச் சேர்க்க அது இயல்பாக அதிரும் ஒத்ததிர்வெண் இறங்கும் என்றாலும், அதைப் பாதியாக்க அசையும் மொத்த எடையை ஏறத்தாழ நான்கு மடங்காக்க வேண்டும்.

இரு ரேடியேட்டர்களையும் எதிரெதிர்ப் பக்கங்களில் பொருத்தினால் அவற்றின் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால், கனத்த கூம்புகள் அசைந்தாலும் பெட்டி பெரிதும் அதிராமல் நிற்கும்.