காட்டூரில் காணி வாங்குமுன்

கருப்பூரத்திற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸ் துறையில் 1088-ஆம் ஆண்டிலேயே நம் வணிகர் தமிழ்க் கல்வெட்டு நிறுத்தினர். இன்று இந்தோனேசிய மழைக்காட்டுச் சிற்றூர்களில் குடியேறி நிலத்தில் பணமிட விழையும் அன்பர்களுக்கு நாம் கூறுவது ஒன்றுண்டு.

1960-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, முழு உடைமை அயலார்க்கில்லை. அங்கு வாழும் அயலார்க்குப் பயன்பாட்டுரிமையும் வாடகையுரிமையுமே உண்டு. உள்ளூரார் பெயரில் மறைவாக வாங்கினால் அவ்வுடன்படிக்கை செல்லாது. நிலம் அரசைச் சேரும். கொடுத்த பணமும் மீளாது.

பத்திரமில்லாக் காடு உடையவரில்லாக் காடன்று. குடிகளின் வழக்காற்றுக் காடு அரசுக் காடாகாதென அரசியலமைப்பு நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

ஆதலின், முதலில் ஓராண்டு வாடகைக்கு வாழ்ந்து பாருங்கள். ஊர்ப் பெரியோரிடம் எல்லை கேளுங்கள். மருத்துவமனை எவ்வளவு தொலைவென்றும் அறியுங்கள். ஊராரின் நம்பிக்கையே அங்கு முதல் முதலீடு.