கிழிந்தால் கிழியட்டும், வீட்டுக்கு அனுப்புங்கள்!

பிள்ளைகளின் வாசிப்பு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் கைப்பேசியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். திட்டட்டும். ஆனால் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் கைப்பேசி கிடக்கிறது. கதைப் புத்தகம் எங்கே இருக்கிறது? பல தொடக்கப் பள்ளிகளில் ஹெச்.எம். அறை பீரோவில், பத்திரமாக.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் வந்தன. நாலு, ஐந்தாம் வகுப்புக்கென்றே ‘ஊஞ்சல்’ இதழ் வந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் என்று கணக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி நூலகத்தில் கதைப் புத்தகமும் இருக்கவேண்டும் என்று அட்டவணை போட்டே சொல்கிறது. சரக்கு வந்து இறங்குகிறது; பட்டுவாடாதான் நடப்பதில்லை.

எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) காலத்துப் ‘புத்தகப் பூங்கொத்து’ ஞாபகமிருக்கலாம். வகுப்பறையில் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் புத்தகங்களைத் தொங்கவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சாயங்கால மணி அடித்ததும் பிள்ளை வீட்டுக்குப் போகும், புத்தகம் கயிற்றிலேயே தொங்கும்.

வீட்டுக்குக் கொடுக்க ஏன் பயம்? இருப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் குறைந்தாலும் தணிக்கையில் கேள்வி வரும், மாறுதலில் போகும்போதோ ஓய்வு பெறும்போதோ பொறுப்பு ஒப்படைப்பில் இடிக்கும் என்று தலைமை ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் இருக்கிற வேலை போதாதென்று இது வேறா, அரசுப் பணம் வீணாகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பூட்டி வைத்த புத்தகம் மட்டும் வீண் இல்லையா?

டெல்டா பக்கம் ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை மதியம் பீரோ திறந்துவிடுகிறார்கள். டீச்சர் தலையிடுவதில்லை. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் வராந்தாவில் நீள நோட்டோடு உட்கார்ந்துகொள்கிறார்கள். நோட்டில் நூல் கட்டிய பென்சில். தேதி, பெயர், புத்தகம், திரும்பிய நாள் என்று நாலு கட்டம். ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தன் பெயர்தான் எழுத வந்தது. புத்தகத்தின் பெயர் வரவில்லை. அந்தக் கட்டத்தில் அட்டையிலிருந்த யானையை வரைந்து வைத்துவிட்டான். “அடையாளம் தெரியுதுல்ல, போதும் சார்” என்றார் டீச்சர்.

திரும்பி வந்த புத்தகங்களையும் பார்த்தேன். குழம்புக் கறை, எண்ணெய் விரல், ஓரத்தில் தம்பியின் கிறுக்கல். ஒன்றை மடியில் கிடந்த பாப்பா கிழித்துவிட்டதாம். தையல் வேலை பார்க்கும் அம்மா, மிஷினில் ஓட்டி நடுவில் சிவப்பு நூல் தையலோடு கொடுத்தனுப்பியிருக்கிறார். ஏடு பிரியாமல் நிற்கிறது. அந்தப் புத்தகத்துக்குத்தான் இப்போது கிராக்கி.

புத்தகம் தொலையும் என்பதை மத்திய அரசின் பொது நிதி விதிகளே ஒப்புக்கொள்கின்றன. 2017 பதிப்பின் 215ஆம் விதிப்படி, ஆண்டில் கொடுத்து வாங்கும் ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து வரை தொலைந்தால் அது இயல்பான இழப்பு. அலட்சியமோ மோசடியோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான். விலை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை உண்டு. பதினாறு பக்கக் கதைப் புத்தகம் அந்தக் கணக்கில் வராது. நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்கும் இதுபோல் ஒரு வரி எழுத்தில் வந்துவிட்டால் பாதி பீரோக்கள் தானே திறந்துகொள்ளும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி வகுத்தபோது, ‘புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே’ என்ற முதல் விதியை விளக்க எடுத்துக்கொண்டதே ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த கதையைத்தான்.

இன்னொன்று. படித்து முடித்ததும் ‘கதைச் சுருக்கம் எழுதி வா’ என்று கேட்பதை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை புத்தகம் எடுக்க வராது.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நூலகத்தில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள். வீட்டுக்குக் கொடுக்கும் நோட்டை வாங்கிப் பாருங்கள். போன மாதம் எத்தனை பெயர் ஏறியிருக்கிறது என்று எண்ணுங்கள். அப்படி ஒரு நோட்டே இல்லையென்றால், நாற்பது பக்க நோட்டு ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.