தானே பாடும் கருவியும் தடுத்தாளும் கையும்

இசைப்பவர் கை வாளா இருக்க, இசை தானே பிறக்குமோ என்று வினவுவார்க்குப் பிறக்கும் என்பதே விடை. சுரங்களை ஒவ்வொன்றாக எழுதாது, விதிகளை மட்டும் வகுத்து, அவற்றின்வழி இசை தானே விளைந்து வரவிடுதல் ஒரு முறை. இதற்கு 'ஜெனரேற்றிவ்' இசை என்னும் பெயரை 1990களில் பரவச் செய்தவர் ஆங்கிலேயராகிய பிரையன் ஈனோ. நாம் அதனை விளைவிசை எனலாம். இதனை அவைமுன் நிகழ்த்துவோர் பலர், தனித்தனிக் கூறுகளைக் கம்பிகளால் இணைத்து அமைக்கும் மொடியூலர் சிந்தசைசரைக் கைக்கொள்கின்றனர். எச்சுரம் எப்போது ஒலித்தல் வேண்டும் என ஏவும் கூறு சீக்குவென்சர் எனப்படும். அதனைத் தெரிந்தெடுக்கும் நெறி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

1960களில், சன் பிரான்சிஸ்கோ நகரில் மோர்ட்டன் சுபோட்னிக், ரமோன் செண்டர் என்னும் இசைவாணர் வேண்ட, டொன் புக்லா அமைத்த கருவித்தொகுதியில் இக்கூறு இடம்பெற்றது. றொபேட் மோக் அமைத்த 960 என்னும் கூறோ நிரைக்கு எட்டாக மூன்று நிரைக் குமிழ்கள் உடையது. குமிழ் ஒவ்வொன்றும் ஒரு மின்னழுத்தத்தைக் குறிக்கும். அழுத்தம் ஒரு வோல்ற் உயர, ஒலி ஒரு ஸ்தாயி உயரும். எட்டாம் படி முடிந்ததும் முதற்படி மீளும். அழகுடைத்தே, ஆயினும் அரைமணி நேரம் கேட்பார்க்கு அது சலிப்பாகும்.

அச்சலிப்பைத் தீர்க்க வழி இரண்டு. ஒன்று கணக்கு. ஐந்து படியுடைய நிரையையும் ஏழு படியுடைய நிரையையும் ஒருங்கு ஓடவிட்டால், அவை முப்பத்தைந்து படிக்கு ஒருமுறையே தொடக்கத்தில் கூடும். எட்டு மாத்திரையில் மூன்று அடிகளை இயன்றவரை சமமாகப் பரப்பின் மூன்று, மூன்று, இரண்டு என வரும். யூக்கிளிட்டின் பழைய கணிதமுறை இத்தகைய தாளங்கள் பலவற்றைத் தருதலை 2005இல் கொட்பிறீட் ரூசான் எடுத்துக்காட்டினார். தாளக்கணக்குப் பயின்ற நம்மவர்க்கு இச்சுவை புதிதன்று.

மற்றையது தற்செயல். டொம் விற்வெல் 2012இல் வெளியிட்ட 'ரியூறிங் மெசின்' என்னும் கூறில் தலைமைக் குமிழ் ஒன்றே. அது நடுவில் நின்றால் சுரங்கள் கட்டின்றி வரும். வலக்கோடிக்குத் திருப்பினால், அப்போது வாய்த்த தொடர் மாறாது சுழலும். இடையில் நிறுத்தினால் தொடர் மெல்ல மெல்லத் திரியும். எமிலி ஜியே 2018இல் ஆக்கிய 'மார்பிள்ஸ்' என்பதும் இவ்வாறே முன் வந்ததை மீட்கும் குமிழ் உடையது. அவருடைய நிறுவனம் 2022இல் தொழிலை நிறுத்திற்று; ஆயினும் அமைப்பைப் பொதுவில் வைத்தமையால் பிறர் அதனை ஆக்குகின்றனர்.

தற்செயல் வரம்பின்றி ஓடின் ஓசையே எஞ்சும். எனவே வந்த மின்னழுத்தத்தை, விரும்பிய சுரத்தானங்களுள் ஒன்றில் அமர்த்தும் குவான்டைசர் என்னுங் கூறும் வேண்டும். ஆசுகவிக்கு யாப்பு எத்தகையதோ, இதற்கு அஃது அத்தகையது. சொல் எங்கிருந்து வரினும் தளை தட்டலாகாது.

இனித் தெரிவுக்கு வருவோம். எத்துணை வகை இசையை விளைக்கும் என்று கேட்பது கடைக்காரர் கேள்வி. அவைமுன் நிற்பவர் கேட்கவேண்டியவை வேறு. நல்லதொரு தொடர் எதிர்பாராது பிறந்த கணத்தே அதனை ஒரு கையால் பற்றி நிறுத்த முடியுமா? அரையிருளில், சிறு திரையிற் பட்டியல் தேடாது, நீளத்தை மாற்ற முடியுமா? பிழைத்தபோது மீண்டு நிற்க ஓரிடம் உண்டா? முன்கூறிய ரியூறிங் மெசினிடம் முதலிரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை. கலைந்த தொடரை அது நினைவில் வைப்பதில்லை. ஆதலின் அதனைத் தனியே நம்பாது, மாறா எட்டுப்படிக் கூறு ஒன்றைத் துணையாகக் கொள்வது நன்று. கீழ்க்குரலை எட்டுப்படிக்கும், தாளத்தைக் கணக்குக்கும், மேற்குரல் ஒன்றை மட்டுமே தற்செயலுக்கும் விடுதல் தொடங்குவார்க்கு ஏற்ற வகுப்பு.

சுரத்தைக் கருவி தெரிந்ததெனில் இசைப்பவர் செய்வது யாது என்பார் உளர். கொள்வதும் தள்ளுவதும் அவர் தொழிலே. கருவி தவறிற்று என்று அவையோரிடம் கூறித் தப்புதல் இயலாது. ஒலித்த ஒவ்வொன்றுக்கும் அவரே பொறுப்பாளி. ஆதலின் ஆயிரம் வழி திறக்கும் கருவியினும், வேண்டுங்கால் ஒரு வழியில் நிற்கும் கருவியே சிறந்தது.