எட்டயபுரம் வயலினும் வியன்னா வீட்டுக் கூடமும்

புதியம்புத்தூர்க்காரர்களுக்கு எட்டயபுரம் தூரமில்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானது அங்கேதான். அவருடைய தம்பி பாலுசுவாமி அந்த ஊர் அரண்மனை வித்வான். மணலியில் இருந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்.

அவர் காலத்திலேயே ஐரோப்பாவில் இளவட்டங்கள் சிலர் அந்த வயலினை வேறு வழியில் கொண்டுபோனார்கள். அந்த வழிக்கு ஸ்ட்ரிங் குவார்டெட் என்று பெயர். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய, குரல் கனத்த வியோலா, தரையில் ஊன்றி முழங்கால்களுக்கு நடுவே அணைத்து வாசிக்கும் செல்லோ. பாடகர் இல்லை, மிருதங்கம் போல எதுவும் இல்லை.

நம் கச்சேரியில் வயலின், பாடுகிறவரின் நிழலாகப் போகும். இங்கே யாரும் யாருக்கும் நிழல் இல்லை. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். அந்நேரம் செல்லோ அடியில் தனக்கென ஒரு மெட்டில் போய்க்கொண்டிருக்கும். எல்லாம் முன்பே எழுதியதுதான். ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பங்குத் தாள் மட்டுமே இருக்கும். மற்ற மூவரையும் காதாலும் கண்ணாலும்தான் பிடிக்க வேண்டும்.

நாலு பேரும் ஒரு கூடமும் போதும் என்பதால் இது வீட்டிலேயே வளர்ந்தது. வியன்னாவில் பள்ளி ஆசிரியர் ஒருவர் செல்லோ வாசிக்க, மூத்த பிள்ளைகள் இருவர் வயலின், இளையவன் ஃபிரான்ஸ் வியோலா. அந்த ஃபிரான்ஸ்தான் பின்னாளில் இசையமைப்பாளராகப் பெயர்பெற்ற ஷூபர்ட். பதினாறு வயதிலேயே இந்த நால்வருக்காக எழுதினார். தீட்சிதர் சகோதரர்களை நினைத்துக்கொள்ளாமல் இதைப் படிக்க என்னால் முடிவதில்லை.

இப்படி எழுதிய இன்னோர் இளைஞர் ஆரியாகா. ஸ்பெயினின் பில்பாவோ ஊர்க்காரரான அவருடைய மூன்று குவார்டெட்டுகள் 1824-இல் பாரிஸில் அச்சேறின. இருபது வயது நிறையப் பத்து நாள் இருக்கும்போது அவர் போய்ச் சேர்ந்தார்.

1827 மார்ச்சில் பீத்தோவன் இறந்தார். அவருடைய கடைசிக் குவார்டெட்டுகள் புரியவில்லை என்று பெரியவர்களே ஒதுக்கியபோது, இளம் இசையமைப்பாளர் மெண்டல்சோன் அவற்றில் ஊறிக் கிடந்தார். அதே ஆண்டில், பதினெட்டு வயதில், ஏ மைனர் குவார்டெட்டை எழுதினார். தன் காதல் பாட்டு ஒன்றிலிருந்து ஒரு சின்னக் கேள்வியை, மூன்றே சுரம், எடுத்துத் தொடக்கத்தில் வைத்தார். அரைமணி நேரம் நால்வரும் கொந்தளித்து ஓய்ந்தபின், தொடங்கிய அந்த மெல்லிசையே திரும்பி வரும்.

புதியம்புத்தூரில் ராத்திரி தையல் மிஷின்கள் நின்றபிறகு இந்தக் குவார்டெட்டைக் கேட்டுப் பாருங்கள். முதல்முறை செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை நடுவில் ஒலிக்கும் வியோலாவை, ஷூபர்ட் உட்கார்ந்த அந்த இடத்தை.