டீசல் குடிக்காத டீசல் எஞ்சின்

உங்கள் பெரியப்பாவின் பழைய கருவிப் பெட்டியைக் கிளறும்போது தீப்பெட்டி அளவில் ஓர் எஞ்சின் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் விசிறி பொருத்த ஓர் அச்சு, பக்கத்தில் ஒரு புகைவாய், தலையில் ஒரு திருகு. அவ்வளவுதான். ஸ்பார்க் பிளக் இல்லை, மின்கம்பி இல்லை, பேட்டரியும் இல்லை. கேட்டால் பெரியப்பா சொல்வார்: "அது மாதிரி விமானத்து டீசல் எஞ்சின்டா. நாங்க பறக்கவிட்டது."

டீசல்தானே! லோரியின் தொட்டியிலிருந்து அரைக் கோப்பை எடுத்து ஊற்றிப் பார்க்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஊற்றினால் என்ன ஆகும்? விசிறியை விரலால் தட்டித் தட்டி விரல்தான் வீங்கும். எஞ்சின் ஒரு தடவைகூட இருமாது. ஜோகூர் பாருவிலிருந்து சிகாமாட் வரை எந்த எண்ணெய் நிலையத்தில் வாங்கிய டீசலாக இருந்தாலும் இதே கதைதான்.

ஏன் என்று புரிய, முதலில் பெரிய டீசல் எஞ்சினைப் பார்ப்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடேறும். இதை நம் வட்டாரத்து மக்கள் வெகுகாலம் முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். மலாய்த் தீபகற்பத்திலும் சுற்றியுள்ள தீவுகளிலும் மரத்தாலோ மாட்டுக் கொம்பாலோ செய்த ஒரு குழாய் புழக்கத்தில் இருந்தது. அதன் ஒரு முனை மூடியிருக்கும். இறுக்கமான ஒரு தண்டின் நுனியில் பஞ்சு போன்ற பொருளை வைத்து, குழாய்க்குள் ஓங்கி ஒரே அடி அடித்து, உடனே உருவி எடுப்பார்கள். பஞ்சில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். தீக்குச்சி இல்லாமல், சிக்கிமுக்கிக் கல் இல்லாமல், வெறும் காற்றை அழுத்தியே நெருப்பு!

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக்காட்டிய எஞ்சினும் இதே தத்துவத்தில் ஓடியதுதான். 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் காற்றை 16 மடங்கு சுருக்கி, வெப்பம் வெளியே போகாமலும் பார்த்துக்கொண்டால், கணக்குப்படி அது 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானாகத் தீப்பிடிக்க ஏறத்தாழ 210 டிகிரி போதும். அந்தச் சூட்டுக் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் எரியாமல் என்ன செய்யும்?

ஆனால் மேலே ஒரு நிபந்தனை சொன்னேன்: வெப்பம் வெளியே போகக்கூடாது. சின்ன எஞ்சின் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு கணக்குப் போடுங்கள். பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் கன அளவு 1000, மேற்பரப்பு 600. பக்கம் 1 சென்டிமீட்டர் என்றால் கன அளவு 1, மேற்பரப்பு 6. முதலாவதில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.6 சதுர சென்டிமீட்டர் சுவர். இரண்டாவதில் 6 சதுர சென்டிமீட்டர். பத்து மடங்கு! உணவுக்கடையில் தே தாரிக்கை உயரத்திலிருந்து இழுத்து ஊற்றும்போது அது ஆறுவதும் இதே காரணத்தால்தான். அதே தேநீர்தான், ஆனால் காற்றைத் தொடும் பரப்பு கூடிவிடுகிறது. மாதிரி எஞ்சினின் சிலிண்டர் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கன சென்டிமீட்டர்தான். அழுத்திச் சூடேற்றிய காற்று, அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள உலோகத்திடம் உடனே பறிகொடுத்துவிடுகிறது.

நேரமும் போதாது. இந்தக் குட்டி எஞ்சின்கள் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடுவது சாதாரணம். ஒரு சுற்றுக்கு 6 மில்லிவினாடி. அதில் பாதி, அதாவது 3 மில்லிவினாடிக்குள் பிஸ்டன் அடியிலிருந்து உச்சிக்குப் போய்விடும். டீசல் யோசித்து முடிவெடுப்பதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். போதாக்குறைக்கு, இவ்வளவு சிறிய எஞ்சினில் எண்ணெயைப் பீய்ச்சும் பம்பும் கிடையாது. எரிபொருளும் காற்றும் வெளியிலேயே கலந்துதான் உள்ளே போகின்றன. உண்மையைச் சொன்னால், இது பெயரில் மட்டும்தான் டீசல். அழுத்தத்தால் பற்றவைக்கும் எஞ்சின் என்பதே சரியான பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருக்குப் பொறுமை இருக்கிறது?

ஆகவே இதற்கென்று தனியாக ஓர் எரிபொருள் வேண்டும். மூன்று திரவங்களின் கலவை அது: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். புதிய எஞ்சினைப் பழக்குவதற்கு மூன்றையும் சம பங்காகக் கலப்பது பழைய வழக்கம். எஞ்சின் பழகிய பிறகு விளக்கெண்ணெயைக் கொஞ்சம் குறைத்து மண்ணெண்ணெயைக் கூட்டுவார்கள். எரிதலைச் சீராக்க, நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நைட்ரேட் சேர்மம் ஒன்றும் சேர்ப்பதுண்டு. மூன்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. 

பற்றவைப்பது ஈதர். முழுப்பெயர் டைஎத்தில் ஈதர். 160 முதல் 180 டிகிரிக்குள் தானாகவே தீப்பிடிக்கும். அதைவிட முக்கியம், தாமதிக்காமல் பிடிக்கும். சிலிண்டருக்குள் முதலில் ஈதர் எரிய, அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் எரியத் தொடங்குகிறது. எஞ்சின் தலையில் திருகைப் பார்த்தோமே, அதன் அடியில் இன்னொரு குட்டி பிஸ்டன் இருக்கிறது. திருகினால் அது இறங்கி, காற்று சுருங்கும் இடத்தை மேலும் குறைக்கும். அதனால் சூடு கூடும். ஓடும் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டபடியே திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பிச் சரிசெய்வது தனிக் கலை. அளவுக்கு மீறி இறுக்கினாலோ, சிலிண்டரில் திரவம் தேங்கியிருக்கும்போது விசிறியைப் பலமாகச் சுழற்றினாலோ உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். திரவத்தைக் காற்றைப் போல அழுத்த முடியாதல்லவா?

வலுவைத் தருவது மண்ணெண்ணெய். ஒவ்வொரு சொட்டிலும் ஈதரைவிட அதிக ஆற்றல் அதில் இருக்கிறது. இதன் இடத்தில் நிலையத்து டீசலைச் சேர்த்தாலும் எஞ்சின் ஓடும். புகையும் கரியும்தான் கூடும். ஈதர் இல்லாமல் மட்டும் முடியாது. நம் நாட்டு டீசலில் செம்பனையின் பங்கும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். 2019 முதல் வாகனங்களுக்கான பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர். கூலாய் அருகே தாயிப் அண்டாக்கில் 1961இல் ஃபெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று செம்பனை எண்ணெயைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலைகள் பாசிர் கூடாங்கில் நிற்கின்றன.

அப்படியானால் மூன்றாவது பங்குக்கு விளக்கெண்ணெய் எதற்கு, செம்பனை எண்ணெயையே ஊற்றலாமே என்று ஜோகூர்க்காரர் கேட்பது நியாயம். இந்த எஞ்சினில் தனியாக உராய்வு எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நிற்க வேண்டும். 40 டிகிரியில் விளக்கெண்ணெயின் பிசுபிசுப்பு செம்பனைச் சமையல் எண்ணெயைவிடச் சுமார் ஆறு மடங்கு. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டைச் சாய்த்து, இரண்டு எண்ணெயிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு ஓட்டப்பந்தயம் வையுங்கள். சமையல் எண்ணெய் அடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கெண்ணெய் பாதி வழியில்தான் நிற்கும்.

காரணம் அதன் மூலக்கூறில் இருக்கிறது. விளக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதன் நீண்ட கார்பன் சங்கிலியின் நடுவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொகுதிகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன. அதனால் எண்ணெய் கெட்டியாகிறது, உலோகத்திலும் நன்றாகப் படிகிறது. செம்பனை எண்ணெயில் இந்தத் தொகுதி இல்லை. பாட்டி வயிறு சுத்தமாக ஊற்றிக் கொடுத்த அதே எண்ணெயைத்தான் முதல் உலகப் போர்க்கால விமானிகளும் எஞ்சினில் ஊற்றினார்கள். சிலிண்டர்களே சுழலும் அந்தக்கால எஞ்சின்களில் பெட்ரோலும் எண்ணெயும் ஒரே அறையில் கலக்கும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது, ஆகவே கழுவிப்போகாமல் நின்றது. காஸ்ட்ரோல் என்ற பெயர்கூட ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான்.

இந்தக் கரையாத குணம் நம் கலவையிலும் வேலையைக் காட்டும். விளக்கெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் மட்டும் ஒன்றாக ஊற்றிக் குலுக்கினால் கலங்கலாகும். கொஞ்ச நேரத்தில் விளக்கெண்ணெய் அடியில் தங்கிவிடும். ஈதரைச் சேர்த்துக் குலுக்கினால் கலங்கல் மறைந்து தேன் நிறத்தில் தெளியும். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் ஈதர், சண்டைக்கார உறவுகளை ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அத்தை மாதிரி. அத்தை எழுந்து போனால் பந்தி கலைந்துவிடும்.

அத்தை எழுந்து போவதுதான் ஜோகூரில் பெரிய சிக்கல். ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. நம் ஊர் மதியம் 32, 33 டிகிரியைத் தொடுகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கேட்கவே வேண்டாம். அதே எண்ணிக்கையில் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கொண்ட பியூட்டனால் கொதிக்க 117 டிகிரி வேண்டும். ஐசோமர்கள் என்றாலும் ஈதரில் ஹைட்ராக்சில் தொகுதி இல்லை, ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியும் இல்லை. படிவம் 5 வேதியியலில் கார்பன் சேர்மங்கள் பாடம் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி சற்றுத் தளர்ந்தாலும் ஈதர் ஆவியாகிவிடும். நேற்று ஓடிய எரிபொருள் இன்று ஓடாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாமே என்று நினைக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். வீட்டுப் பெட்டிக்குள் குளிரைக் கட்டுப்படுத்தும் சுவிட்சில் சிறு மின்பொறி பறக்கும். ஈதர் ஆவி மைனஸ் 45 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடியது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே போதும். ஆய்வுக்கூடங்களில் இதற்கென்று மின்பொறி பறக்காத தனிப் பெட்டிகள் வைத்திருப்பது அதனால்தான். அந்த ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே எழாமல் தரையோடு தண்ணீர் மாதிரி ஓடி, அடுத்த அறையில் எரியும் அடுப்பைக்கூடத் தேடிப் போகும். காற்றும் வெளிச்சமும் பட்டபடி நாள்பட்டால் ஈதரில் பெராக்சைடுகள் உருவாகும். அவை வெடிக்கக்கூடியவை. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் படிந்த பழைய போத்தலைத் திறக்கவே கூடாது.

இப்போது வாங்கும் விஷயம். விளக்கெண்ணெய்க்குக் கவலையில்லை. நாட்டு மருந்துக் கடையிலோ மருந்தகத்திலோ கிடைக்கும். வாசனை சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். மண்ணெண்ணெயும் தேடினால் கிடைத்துவிடும். ஈதர் மட்டும் அப்படியல்ல. போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படக்கூடியது என்பதால், 1988ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கண்காணிக்கப்படும் பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. விமானப் பயணத்தில் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. உரிமம் உள்ள வேதிப்பொருள் விற்பனையாளரிடம், காரணத்தைச் சொல்லி, பெரியவர்தான் வாங்க வேண்டும். கலப்பதும் அவர் வேலைதான், திறந்த வெளியில், நிழலில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல். மற்ற இரண்டையும் முதலில் கலந்துவிட்டு ஈதரைக் கடைசியில் ஊற்றுவது அது திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்கத்தான்.

இரண்டு பெயர்களில் ஏமாந்துவிடாதீர்கள். பெட்ரோலியம் ஈதர் என்று ஒன்று விற்கிறார்கள். அது ஈதரே அல்ல, எளிதில் ஆவியாகும் ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதை ஊற்றினால் எஞ்சின் பற்றாது. மோட்டார் கடையில் கிடைக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயில் ஈதர் இருக்கலாம். ஆனால் எவ்வளவு, கூடவே என்னென்ன என்பது டப்பாவுக்கு டப்பா மாறும். அதைக் குடுவையில் பீய்ச்சிச் சேகரிக்கப் பார்ப்பது ஆபத்தான வேலை.

மீந்துபோன எரிபொருளை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கைகழுவலாம் என்றால், அந்தச் சாக்கடை எங்கே போகிறது என்று ஜோகூர் மாணவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய வேதிக் கழிவின் ஆவி பள்ளிகளுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. உங்களில் சிலர் அப்போது அங்கே ஆரம்பப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். கால் போத்தல் எரிபொருள் மீந்தாலும் இறுக்கி மூடி, மேலே பெயரும் தேதியும் எழுதி, வேதிக் கழிவு வாங்கும் இடத்தில் பெரியவர் மூலம் ஒப்படையுங்கள். பெரியப்பாவின் பெட்டியில் எஞ்சினோடு ஒரு பழைய டப்பாவும் இருந்தால், அதைக் குலுக்காமல் அவரைக் கூப்பிடுங்கள்.